டொங்கு மாமு விட்ட கொட்டாவி

வடசென்னையில் இன்றைக்கு நடமாடிக்கொண்டிருக்கும் மனிதர்களில் கொட்டாவி விடத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் டொங்கு மாமு. ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் வீடு வீடாகப் போய் விசாரித்தாலும் இரண்டாவது ஆள் கிடைக்க மாட்டார். பிறந்த குழந்தை விடுகிறது. தெரு நாய் விடுகிறது. இதை எழுத உட்கார்ந்த பத்து நிமிடத்தில் நானே மூன்று விட்டுவிட்டேன். அந்த ஆள் மட்டும் விடமாட்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர்மேல் பொறாமை. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் வருகிற பொறாமை இரண்டு நாளில் இறங்கிவிடும். இது பல வருடமாக வயிற்றில் குடியிருக்கிறது. காலி பண்ணுகிற உத்தேசம் அதற்கு இல்லை.

காரணம் என் வியாதி. எனக்கு எதுவுமே மூன்றாவது தடவை பிடிக்காது. அப்பா தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். முதல் நாள் துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டியபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் பருப்பைப் பார்த்ததுமே கண் சொருகியது. கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு ஓடினேன். அப்புறம் கூரியர் ஆபீஸ், ஐஸ் ஃபேக்டரி, மீன் வலைக் கம்பெனி என்று போகாத இடமில்லை. எல்லா இடத்திலும் மூன்றாவது நாள் வந்தது. என் மனைவி ஒருநாள் கையில் கரண்டியோடு நின்று, “அப்போ நான்?” என்று கேட்டாள். நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

இப்படியே சுற்றித் திரிந்து கடைசியில் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க்காகச் சேர்ந்தேன். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நாலு எழுத்து, ஏழு எண். அடுத்த பெட்டி. நாலு எழுத்து, ஏழு எண். மூன்றாவது நாள் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. முதல் நாள் மத்தியானமே நான் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஜன்னல் வழியாக டொங்கு மாமுவைப் பார்த்தேன்.

என்னைவிட நாலே வயது மூத்தவர். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வேலை, பெட்டியைத் தட்டிப் பார்ப்பது. உள்ளே பொய்ச்சுவர் வைத்து எதையாவது மறைத்திருந்தாலோ, தகடு இற்றுப்போயிருந்தாலோ சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் ஏழு இடத்தில் தட்ட வேண்டும். இரண்டு பக்கம், முன்சுவர், கதவு, தரை, அடிப்பாகம், கூரை. கூரைக்கு ஒரு நீள மூங்கில் கழி, மற்றதற்கெல்லாம் சின்னச் சுத்தியல். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். பத்து வருடமாக இதேதான். என் கணக்குப்படி இந்த மனிதர் எப்போதோ சன்னியாசம் போயிருக்க வேண்டும்.

ஆனால் அவர் புதுமாப்பிள்ளை மாதிரி வேலை செய்துகொண்டிருந்தார். தட்டுவதற்கு முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “டங்” என்றோ “டொங்” என்றோ வாய்க்குள் சொல்வார். சரக்கு நிறைந்த பெட்டி டங். காலியென்றால் டொங். பாதி நிறைந்தது இரண்டுக்கும் நடுவில். சொல்லிவிட்டுத் தட்டுவார். சொன்னது தப்பாகப் போனால் காது மடலைத் தொட்டுக்கொண்டு “பூட்ச்சு” என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். சரியாகப் போனால் முகம் சுருங்கிவிடும்.

பெட்டியோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அடுத்த லாரியின் டிரைவருக்கு மீசை இருக்குமா இருக்காதா, கேட்டில் கிடக்கும் ராணி என்கிற செவலை நாய் எந்த வண்டிக்கு எழுந்து குரைக்கும், டீக்கடையில் இன்றைக்கு முதல் டீயில் சர்க்கரை தூக்கலா மட்டா, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவைப்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, “கத்திரிக்கா” என்பார். திறந்தால் முருங்கைக்காய். பூட்ச்சு. அப்புறம் அந்த முருங்கைக்காயைச் சாப்பிடுகிற சாப்பாடு இருக்கிறதே, கல்யாணப் பந்தியில்கூட யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் என் தயிர்சாதத்தை வெறுத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், “மாமு, உனக்கு எப்படித்தான் சலிக்கல?” என்று கேட்டே விட்டேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நம்ம மூள இன்னா தெர்யுமா நைனா, கேட்டாண்ட குந்திகினு கீற வாட்ச்மேன். தெரிஞ்ச வண்டி வந்தா எழுந்துக்குவானா? மாட்டான். தெரியாத வண்டி வந்தாத்தான் எழுந்து சலாம் போடுவான். எல்லாமே தெரிஞ்ச வண்டின்னு வெச்சிக்க, தூங்கிப்பூடுவான். அத்தான் சலிப்பு. நான் இன்னா பண்றேன்னா, வண்டி வர்றதுக்கு மின்னாடியே இன்னா வண்டின்னு சொல்லுன்னு அவன உசுப்புறேன். தப்பா சொல்லிட்டான்னு வையி, இன்னாடா இதுன்னு எழுந்துக்குவான். தப்பாப் போவணும் நைனா. அதுலதான் மஜா கீது.”

சரி, இவ்வளவுதானே என்று நானும் மறுநாளே ஆரம்பித்தேன். பெட்டி நம்பரின் கடைசி எண்ணை முன்னாடியே சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில், வீட்டில், சாப்பாட்டில் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது நாள் சொல்வதே சலித்துவிட்டது. மாமுவிடம் போய்ப் புலம்பியபோது, “நீ ஜெயிக்கறதுக்குச் சொல்ற. நான் கேக்கறதுக்குச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. எதில் எரிந்தது என்று மனைவிக்குச் சொல்லவும் முடியவில்லை. ஜெலுசில் கொடுத்தாள்.

அதற்கப்புறம் என் ஆசை ஒன்றே ஒன்றுதான். இந்த மனுஷன் ஒரே ஒருநாள், ஒரே ஒரு கொட்டாவி விட்டு நான் பார்க்க வேண்டும். ஏன் எனக்கு மட்டும் இந்த உலகம் பழசாக இருக்க வேண்டும்? இந்த ஆளுக்கு மட்டும் யார் தினமும் புதுசாகத் துடைத்து வைக்கிறார்கள்? ஒரு கொட்டாவி விட்டால் அவரும் நம்மைப் போலத்தான் என்று மனசு ஆறிவிடும்.

வழி என் மேஜைமேலேயே இருந்தது. அடுத்தடுத்து வரப்போகும் பெட்டிகளின் விவரமெல்லாம் என் கம்ப்யூட்டரில் முன்னாடியே வந்துவிடும். என்ன கலர், சரக்கா காலியா, எல்லாம். ஒரு திங்கட்கிழமை காலையில் மேனேஜரிடம் போய், விவரத்தை முன்கூட்டியே மைக்கில் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றேன். ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும் ட்ரெய்லர்களை நினைத்துக்கொண்டு அவர் உடனே சம்மதித்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன யோசனையை மேலதிகாரி ஒருவர் ஏற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை.

மைக்கைப் பிடித்தேன். “அடுத்தது நீலப் பெட்டி. காலி. டொங்.”

ஒரு கண்ணை மூடியிருந்த மாமு அதைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். நீலப் பெட்டிதான் வந்தது. டொங்தான் கேட்டது. “அடுத்தது பச்சை. சரக்கு. டங்.” பச்சைதான். டங்தான். நான் விடவில்லை. டிரைவர் பெயர் லிஸ்ட்டில் இருந்தால் அதையும் சேர்த்துச் சொன்னேன். மீசை இருக்கிறதா என்று முன்னால் நிற்கும் டிரைவரிடம் விசாரித்து அதையும் சொன்னேன். நான் ஒரு வேலையை இத்தனை அக்கறையாகச் செய்து என் தகப்பனார்கூடப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாமுவின் வாய் அசைவது குறைந்தது. புதன்கிழமை காதைத் தொடுவது நின்றது. வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு மஞ்சள் பெட்டியின் முன்னால் சுத்தியலைத் தூக்கிய மாமு அப்படியே நின்றார். முகம் ஒரு மாதிரி கோணியது. என்ன நடக்கிறது என்று அவருக்கே புரியவில்லை. தாடை கீழே இறங்கியது, கண்ணில் தண்ணீர் கோத்தது, வாய் திறந்தது, திறந்துகொண்டே போனது. அந்த மஞ்சள் பெட்டியே உள்ளே போயிருக்கலாம். பத்து வருடம் சேர்த்துவைத்த கொட்டாவி அது. நான் மைக்கை அணைத்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தேன். டீக்கடைக்குப் போய் எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் டீ சொல்லிக்கொண்டேன்.

சந்தோஷம் பாதி டீ வரைக்கும் இருந்தது. பாதி டீயில் மாமு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சர்க்கரை தூக்கலா மட்டா என்று சொல்லவில்லை. டீயைக் குடித்தார். குடித்துவிட்டு, “மணி இன்னா ஆவுது நைனா?” என்று கேட்டார். அவர் மணி கேட்டு நான் கேட்டதில்லை. மூணே கால் என்றேன். “இன்னும் மூணே கால்தானா” என்று எழுந்து போனார். மீதி டீயைக் கீழே கொட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமு உள்ளே போனதும் அவர் மனைவி காஞ்சனா கேட் ஆபீஸுக்கு வந்தாள். வேலைக்குப் போகிற வழியில் பஸ் மாறி வந்திருக்கிறாள்.

“அண்ணா, இந்த ஆளுக்கு ஒடம்புல எதுனா கீதா? எங்கிட்ட மறைக்காதீங்க” என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

“பதினெட்டு வருசமா காத்தால நான் பொடவ கட்டிகினு வர்றதுக்கு மின்னாடி கண்ண மூடிகினு நிக்கும். இன்னா கலருன்னு சொல்லும். ஒருநாளும் கரீட்டா சொன்னதில்ல. எங்கிட்ட இருக்கறதே எண்ணி எட்டுப் பொடவ. கண்ணத் தொறந்து பாத்துட்டு அது சிரிக்கும் பாருங்க, எனக்கு அப்பதான் பொழுது விடியும். மூணு நாளா கண்ணே மூடலண்ணா. நேத்து நானே வந்து நின்னு, இன்னா கலரு சொல்லுன்னு கேட்டேன். பொடவதானன்னுட்டு போயிட்ச்சு.”

அவள் அழவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. அன்று காலையில் என் மனைவி என்ன கலர் கட்டியிருந்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே, ஒன்றுமில்லம்மா, கொஞ்சம் களைப்பு, சரியாகிவிடும் என்று அவளை அனுப்பிவைத்தேன். மைக்கை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேனேஜர் வந்து தோளில் தட்டி, வரிசை பாதியாகக் குறைந்துவிட்டது, விடாமல் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னேன்.

அன்று வெயில் கொளுத்தியது. காலிப் பெட்டி வந்தால் தட்டுவதோடு, கதவைத் திறந்து உள்ளேயும் பார்க்க வேண்டும். வெயில் நாட்களில் ராணி அந்த நிழலுக்காகத் திறந்த பெட்டிக்குள் தாவி ஏறிவிடுவாள். ஏறுவாளா மாட்டாளா என்பது மாமு முன்னாடியே சொல்லிவைக்கிற விஷயங்களில் ஒன்று. சொன்னது சரியா தப்பா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். அதனால் எத்தனையோ தடவை ராணி ஏறியிருக்கிறாள், ஒரு தடவைகூட உள்ளே மாட்டியதில்லை.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் வானத்திலிருந்து ஒரு நாய் குரைத்தது.

யார்டில் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். மேலே பெட்டிகள் மூன்று மூன்றாக, நாலு நாலாக அடுக்கி நிற்கின்றன. குரல் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இரும்புக்கு நடுவில் சத்தம் எதிரொலித்து, எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. ராணி படுக்கிற இடத்தைப் பார்த்தேன். காலி. மாமு கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். காலிப் பெட்டி என்று நான் மைக்கில் சொன்னேன், காலிதான் என்று அவர் உள்ளே பார்க்காமலே கதவைச் சாத்தியிருக்கிறார்.

பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியின் டிரைவரை இழுத்துவந்து மத்தியானக் காலிப் பெட்டிகளை எங்கே வைத்தாய் என்று கேட்டோம். அங்கங்கே வைத்தேன், எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றார். அந்தத் தகரப் பெட்டிக்குள் அந்த வெயிலில் ஒரு உயிர் எவ்வளவு நேரம் தாங்கும்? நான் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நம்பர் இருந்தது, கலர் இருந்தது. நாய் எங்கே என்று அதில் இல்லை.

“மாமு, லிஸ்ட்ல நீலம் நாலு...” என்று ஆரம்பித்தேன்.

“லிஸ்ட்ட மூடு நைனா” என்றார். குரல் உயரவில்லை.

மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே போனார். அண்ணாந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். “பச்ச. இதுலதான் கீறா” என்று சொல்லி, கழியை நீட்டி ஏழு தட்டு தட்டினார். தினமும் அந்த ஏழு தட்டைக் கேட்டுக்கொண்டேதான் ராணி தூங்குவாள், தட்டுவது மாமு என்று அவளுக்குத் தெரியும். காதை வைத்துக் கேட்டார். பதிலில்லை. காது மடலைத் தொட்டார். சிரிக்கவில்லை. அடுத்த அடுக்கு. “நீலம்.” ஏழு தட்டு. இல்லை. அடுத்தது. இதற்குள் மேலே குரைப்பு நின்றுவிட்டது. மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாமு ஒவ்வொன்றாகச் சொல்லித் தோற்றுக்கொண்டே போனார். பத்துப் பன்னிரண்டு பெட்டி இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் அவர் நடை வேகமானது. கண் திறந்துகொண்டது. அந்த வாரம் முழுக்க நான் பார்க்காத ஆள் அது.

மூன்றாவது மாடியில் ஒரு காவிக் கலர் பெட்டி. “இதுல இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் தட்டினார். நாலாவது தட்டில் உள்ளே நகம் பிறாண்டியது.

“பூட்ச்சு” என்றார் மாமு. கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது.

பெட்டியை இறக்கிக் கதவைத் திறந்ததும் ராணி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளாடி இறங்கினாள். ஒரு வாளித் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் லாரிக்கு அடியில் போய்ப் படுத்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். மாமு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் உள்ள பாக்கவே இல்ல நைனா. தெரிஞ்ச வண்டிதானேன்னு உட்டுட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வரிசைக்காக நான் மைக்கைப் பிடிக்கவில்லை, நீ கொட்டாவி விடுவதைப் பார்க்கத்தான் பிடித்தேன், உன்னைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது, இங்கே வந்த முதல் நாளிலிருந்து எரிகிறது என்று சொன்னேன். சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது. எது நடந்தாலும் நியாயம்தான் என்று தயாராக இருந்தேன்.

மாமு சுத்தியலைத் தரையில் வைத்தார்.

“ராயபுரத்துல கடை வெச்சவரு புள்ள. படிச்சவன். ஏசி ரூம்ல குந்திகினு கீற. நீ என்னியப் பாத்தா பொறாமப்பட்ட?”

“ஆமா மாமு.”

அவர் கை மெதுவாகக் காது மடலுக்குப் போனது. முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. “பூட்ச்சு. இத்த நான் கனவுலகூட நெனச்சதில்ல நைனா.” மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். என்னால் அவருக்குக் கிடைத்ததோ, அந்தப் பத்து வருடத்தின் மிகப் பெரிய மஜா. அதிலும் அவர்தான் ஜெயித்தார். எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.

திங்கட்கிழமை நான் மைக்கைப் பிடித்தேன். “அடுத்தது சிவப்பு. சரக்கு. டிரைவருக்குப் பெரிய மீசை.” வந்தது வெள்ளைப் பெட்டி. காலி. டிரைவர் மொழுமொழுவென்று இருந்தார். கேட்டிலிருந்து மாமு ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சலாம் போட்டார். கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத்தான் ஏற்றினேன், மைக்கில் மட்டும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ட்ரெய்லர் வரிசை பழையபடி ரோடு வரைக்கும் வளர்ந்தது. மேனேஜர் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் அனுப்பிவிட்டார். நான் ஒரு இடத்தில் ஆசைப்பட்டு வேலை செய்தது அந்த இரண்டு வாரம்தான்.

அப்புறம் இந்தப் பத்திரிகையில் எழுத வந்தேன். மாமு இன்னும் அதே கேட்டில் தட்டிக்கொண்டிருக்கிறார். ராணிக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். வாரா வாரம் இதழை வாங்கி, என் கட்டுரையின் கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, என்ன எழுதியிருப்பேன் என்று காஞ்சனாவிடம் சொல்லிவிட்டுத்தான் படிப்பாராம். முன்பெல்லாம் போன் பண்ணி, “பூட்ச்சு நைனா” என்று சிரிப்பார். கொஞ்ச நாளாகப் போன் வருவதில்லை. போன வாரம் நானே கூப்பிட்டுக் கேட்டேன். “இப்பல்லாம் கரீட்டா சொல்லிடறேன் நைனா. கடைசில யாரையாச்சும் ஒரு குத்து குத்திட்டுப் போயிடற” என்றார். சொல்லிவிட்டு, போனிலேயே, என் காதுபட, ஒரு சின்னக் கொட்டாவி விட்டார். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.

இந்த நிமிடம் புளியந்தோப்பில் உட்கார்ந்துகொண்டு, கடைசி வரியைக் கையால் மூடிக்கொண்டு, “என்னியத்தான் குத்துவான்” என்று சொல்லியிருப்பார், தெரியும். கையை எடு மாமு.

உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.